பாசியிலிருந்து மின்னிழை: நனைந்த நூல் எவ்வளவு தாங்கும்?

நோன்பு மாதத்தில் ராமநாதபுரம் கடலோரத்து முஸ்லிம் ஊர்களில் கடல்பாசி கிண்டாத வீடு குறைவு. புதுமடமும் அப்படித்தான். பாசியைத் தண்ணீரிலோ பாலிலோ காய்ச்சி, சர்க்கரை போட்டுத் தட்டில் ஊற்றி ஆறவிட்டால் சற்று நேரத்தில் கத்தியால் வில்லை போடும் பதத்துக்கு இறுகிவிடும். அந்த வில்லையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் அகர். மற்றதெல்லாம் தண்ணீரும் சர்க்கரையும். அத்தனை தண்ணீரை இவ்வளவு சொற்பமான பொருள் பிடித்து நிறுத்துகிறது. அதே தண்ணீரில் உப்பைக் கரைத்தால் மின்சாரம் ஓடும். அப்படி உப்பேறிய ஜெல்லை நூலாக இழுத்து, அறுந்துபோகாமல் துணியில் கோத்து, நாடித்துடிப்பையும் மூச்சையும் விரல் மடங்குவதையும் அளக்க முடியுமா? கடந்த பதினைந்து ஆண்டுகளாக உலகின் பல ஆய்வுக்கூடங்கள் இந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இதற்கு வேண்டிய மூலப்பொருள்கள் பலவும் புதுமடம் கரையில் ஒதுங்கிக் கிடப்பவை.

செம்புக் கம்பி இருக்கையில் ஜெல் எதற்கு? உடம்பு மடங்கும், நீளும், வியர்க்கும். செம்பு சில விழுக்காடு நீண்டாலே தளர்ந்துவிடும், பலமுறை வளைத்தால் முறியும். போதாததற்கு உடம்புக்குள் ஓடும் மின்சாரம் எலக்ட்ரான்களால் ஓடுவதில்லை. சோடியம், பொட்டாசியம், குளோரைடு அயனிகளின் ஓட்டம் அது. ஈசிஜி எடுக்கும்போது மார்பில் ஒட்டும் வில்லைகளில் ஏற்கெனவே உப்பு ஜெல்தான் இருக்கிறது. தோலுக்கும் கம்பிக்கும் இடையே அது தரகு வேலை பார்க்கிறது. அந்த ஜெல்லையே நூலாக்கினால் ஒட்டவேண்டிய அவசியம் இல்லை, நெய்துவிடலாம் என்பதே இத்துறையின் ஆசை. ஆசையைச் சொல்வது எளிது. பலம் வேண்டுமென்றால் நீரைக் குறைக்க வேண்டும். அயனி ஓடவேண்டுமென்றால் நீரைக் கூட்ட வேண்டும். இந்தச் சச்சரவை வெவ்வேறு விதமாகத் தீர்த்துவைக்கப் பார்த்த வரலாறுதான் இத்துறையின் வரலாறு.

மண்டபத்துக்கு மேற்கே, மன்னார் வளைகுடாவைப் பார்த்து இருக்கும் ஊர் புதுமடம். வேதாளை, மரைக்காயர்பட்டினம், பெரியபட்டினம் எல்லாம் ஒரே கரையின் ஊர்கள். இந்தக் கரையில் பாசி எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து கையால் பறிப்பார்கள். பாசிகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்களே ஒரு பாடத்திட்டம். மரிக்கொழுந்துப் பாசி உயர்தர அகருக்கு. கஞ்சிப்பாசி உணவுத்தர அகருக்கு. கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் ஆல்ஜினேட்டுக்கு. தாவரவியலார் இவற்றை ஜெலிடியெல்லா, கிராசிலேரியா, சர்காசம், டர்பினேரியா என்பார்கள். காய்ந்த பாசி வியாபாரிகள் வழியாக மதுரைப் பக்கத்து அகர், ஆல்ஜினேட் ஆலைகளுக்குப் போகிறது.

இங்கே அறிவியலும் புதிதாக வந்து இறங்கிய சரக்கல்ல. குருசடைத் தீவின் பாசிகளை எம்.ஓ.பி. அய்யங்கார் 1927லேயே பட்டியலிட்டார். மண்டபம் முகாமில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருந்த 1950களில், பிரான்செஸ்கா தீவி என்ற பாசியியலாளர் குடிசைத் தொழிலாக அகர் எடுக்கும் முறையை எழுதிவைத்தார். பாவ்நகரில் 1954ல் திறக்கப்பட்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்தின் பாசி ஆராய்ச்சிக் கிளை மண்டபத்தில்தான் இருக்கிறது. சமையலறை அகர் மின்னிழை அகராகும் பாதையில் இந்த நிறுவனம் திரும்பவும் வரும்.

இழைக்கு மிகப் பழகிய பொருள் ஆல்ஜினேட். பழுப்புப் பாசியிலிருந்து 1881ல் பிரிட்டிஷ் வேதியியலாளர் ஸ்டான்ஃபோர்டு இதைப் பிரித்தெடுத்தார். செய்முறையின் நடு அங்கம் சலவைச் சோடா. பாசியின் செல்சுவரில் கால்சியத்தோடு கட்டுண்டு கிடக்கும் ஆல்ஜினேட்டை, சோடாவின் சோடியம் வெளியே இழுத்துக் கரைத்துவிடுகிறது. வடிகட்டினால் கெட்டியான திரவம் கிடைக்கும். அதை நுண்துளைகள் வழியே கால்சியம் குளோரைடு கரைசலுக்குள் இடியாப்பம் பிழிவதுபோல் பிழிந்தால், கரைசலைத் தொட்ட கணத்தில் ஒவ்வொரு தாரையும் இழையாக உறைகிறது. ஆல்ஜினேட் சங்கிலியில் குலுரோனிக் அமிலம், மானுரோனிக் அமிலம் என்று இரண்டு வகைக் கண்ணிகள் உண்டு. குலுரோனிக் கண்ணிகள் வரிசையாக வரும் இடங்களில் வளைவான குழிகள் அமைகின்றன. இரண்டு சங்கிலிகள் எதிரெதிரே நின்றால் அக்குழிகளுக்குள் கால்சியம் அயனி கச்சிதமாக உட்கார்ந்து இரண்டையும் பூட்டிவிடுகிறது. 1973ல் முன்வைக்கப்பட்ட இந்த விளக்கத்துக்கு முட்டைப்பெட்டி மாதிரி என்று பெயர். குலுரோனிக் அதிகமென்றால் ஜெல் விறைப்பாக இருக்கும். மானுரோனிக் அதிகமென்றால் நெகிழும்.

இங்கிலாந்தின் லீட்ஸில் ஸ்பீக்மன் குழுவினர் 1940களிலேயே இந்த நூலை நூற்றுவிட்டார்கள். துணியாகவும் நெய்து பார்த்தார்கள். சோப்புத் தண்ணீரில் போட்டால் கரைந்துவிட்டது. சோப்பின் சோடியம் கால்சியத்தை விரட்டிவிடுகிறது, அவ்வளவுதான். குறையையே உபயோகமாக்கி, காலுறைகளைத் தொடராகப் பின்னும்போது இடையில் வைத்துப் பின்னர் கரைத்துப் பிரித்துவிடும் நூலாக அதை விற்றார்கள். பிறகு காயக்கட்டுத் துணியாகவும் அது பிழைத்துக்கொண்டது. இன்றைய மின்னிழைக் கட்டுரைகள் பலவற்றில் இந்தப் பழங்கதை வருவதில்லை. வந்திருக்க வேண்டும். எண்பது ஆண்டுகளுக்கு முன் வாளித் தண்ணீரில் நடந்தது, இன்று வியர்வையில் மெதுவாக நடக்கப்போகிறது.

முதலில் பலத்தின் கதை. ஜெல் என்றால் வலுவற்றது என்ற எண்ணத்தை உடைத்தவர் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்து ஜியான் பிங் காங். 2003ல் அவர் குழு ஒரு ஜெல்லுக்குள் இன்னொரு ஜெல்லை வளர்த்தது. விறைப்பான வலை முதலில் உடைந்து விசையை வாங்கிக்கொள்ள, தளர்ந்த வலை முழுவதையும் பிடித்து நிற்கும். 2012ல் ஹார்வர்டில் சுவோ என்ற ஆய்வாளரின் குழுவினர் அதே தந்திரத்தை ஆல்ஜினேட்டையும் பாலிஅக்ரிலமைடையும் கலந்து செய்தார்கள். கால்சியப் பூட்டுகள் இழுக்கும்போது கழன்று, விட்டால் ஓரளவு திரும்பப் பூட்டிக்கொள்ளும். ஏறக்குறைய தொண்ணூறு விழுக்காடு நீர் உள்ள அந்த ஜெல் இருபது மடங்கு நீண்டது. கிழிவதற்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 9,000 ஜூல் ஆற்றலைக் கேட்டது. கட்டக்கோரையில் உள்ள அதே வகைப் பொருள் உலக மேடைக்கு வந்தது அப்போதுதான்.

பிறகு போட்டி சூடுபிடித்தது. 2021ல் கலிஃபோர்னியாவில் ஒரு குழு பாலிவினைல் ஆல்கஹாலை ஒரே திசையில் உறையவைத்து, பின் அடர்ந்த உப்புக் கரைசலில் ஊறப்போட்டது. உப்பு நீரைப் பிடுங்கிக்கொள்ள, சங்கிலிகள் நெருங்கிக் கட்டுக்கட்டாகச் சேர்ந்தன. பலம் 23.5 மெகாபாஸ்கல், நீட்சி ஏறத்தாழ முப்பது மடங்கு. 2019ல் சீனாவின் நான்காய் பல்கலைக்கழகத்தில் சிலந்தி நூலை முன்மாதிரியாக வைத்து, பாலிஅக்ரிலிக் அமில ஜெல்லை இழையாக இழுத்து, அயனி ஏற்றி, முறுக்கி, 895 மெகாபாஸ்கல் வரை கொண்டுபோனார்கள். எஃகுக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க எண் அது.

எண்ணைக் கண்டு மலைப்பதற்கு முன் அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று கேட்கவேண்டும். நான்காய் இழை, ஜெல்லிலிருந்து நீர் ஆவியாகும்போதே தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டு உருவாவது. பலத்தின் பெரும்பங்கு அந்த உலர்தலில் கிடைத்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. பட்டுப்பூச்சியும் சிலந்தியும் அதையேதான் செய்கின்றன. ஆனால் உலர்ந்த இழையின் பலத்தையும் ஈர இழையின் மின்கடத்தலையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து அச்சிடும் வழக்கத்தை நான் நம்புவதில்லை. இரண்டும் ஒரே இழையில், ஒரே நேரத்தில், ஒரே ஈரத்தில் அளக்கப்பட்டவையா என்பதை வாசகர்தான் தேடிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

அடுத்த கேள்வி, எத்தனை முறை இழுக்கலாம் என்பது. ஒரே இழுப்பில் 9,000 ஜூல் தாங்கிய ஆல்ஜினேட் ஜெல், திரும்பத் திரும்ப இழுத்தால் அதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான ஆற்றலிலேயே விரிசலை வளரவிட்டது. கழன்ற பூட்டு அடுத்த சுற்றில் உதவுவதில்லை. மனிதர் ஒரு நாளைக்கு இருபதாயிரம் முறை மூச்சு விடுகிறார். மார்புப் பட்டையில் இருக்கும் இழைக்கு ஒருநாள் கூலி அதுதான். 2019ல் எம்.ஐ.டி. குழுவினர் இதற்கு வழி காட்டினார்கள். பாலிவினைல் ஆல்கஹாலில் நுண்படிகங்களை வளர்த்து, விரிசல் ஒவ்வொரு படிகத்தையும் பிளந்தால்தான் முன்னேற முடியும் என்று ஆக்கினார்கள். களைப்பைத் தாங்கும் வரம்பு ஆயிரம் ஜூலை எட்டியது. கடந்த பத்தாண்டின் மிக உருப்படியான முன்னேற்றம் இதுவே என்பது என் மதிப்பீடு. 895க்குக் கிடைத்த கைதட்டல் இதற்குக் கிடைக்கவில்லை.

இனி மின்சாரம். செம்பின் கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் ஆறு கோடி சீமென்ஸ். நம் கடல்நீருடையது ஐந்து அல்லது ஆறு. அயனி ஜெல்களும் பெரும்பாலும் கடல்நீரின் வரிசையில்தான் நிற்கின்றன. அதாவது செம்பைவிட ஒரு கோடி மடங்கு கீழே. அரை மில்லிமீட்டர் பருமனும் பத்து சென்டிமீட்டர் நீளமும் உள்ள இழையைக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு லட்சம் ஓம் மின்தடை வரும். இதைக் கொண்டு விளக்கெரிக்க முடியாது. ஆனால் இரண்டு மடங்கு இழுத்தால் நீளம் இரட்டிக்கும், குறுக்குப் பரப்பு பாதியாகும், மின்தடை நாலு லட்சமாகும். அந்த மாற்றத்தைப் படிப்பதற்கு மலிவான மின்சுற்றே போதும். ஜெல் இழை உணரியாக வாழத் தகுந்தது, மின்கம்பியாக அல்ல. கம்பியாகவும் வேண்டும் என்பவர்கள் எலக்ட்ரான் கடத்தும் பொருள்களை உள்ளே கலக்கிறார்கள். பெடாட்:பிஎஸ்எஸ் என்ற கடத்தும் பாலிமரால் மட்டுமே ஆன ஜெல்லை 2019ல் செய்தபோது உப்புநீரில் மீட்டருக்கு 2,000 சீமென்ஸ் வந்தது. மேற்சொன்ன இழையை அதில் செய்தால் 250 ஓம் அளவில் நிற்கும். கார்பன் நானோகுழாய், கிராஃபீன், வெள்ளி நானோகம்பி, எம்சீன் என்ற உலோகக் கார்பைடுப் படலம் என்று பட்டியல் நீளும். எம்சீன் ஈரத்தில் நாளாக நாளாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது. கார்பன் திரண்டு கட்டிபிடிக்கிறது. வெள்ளியின் விலையைச் சொல்லவேண்டியதில்லை.

அயனி இழையில் எல்லோரும் பேசாமல் கடந்துபோகும் ஒன்று வெப்பம். உப்புநீரின் கடத்துதிறன் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய இரண்டு விழுக்காடு கூடும். நிழலில் 27 டிகிரியில் இருந்த இழை வெயிலில் 37க்குப் போனால், இருபது விழுக்காட்டளவு கடத்துதிறன் கூடி மின்தடை இறங்கும். இழையைப் பத்து விழுக்காடு நீட்டினால் மின்தடை 21 விழுக்காடு ஏறும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் கிட்டத்தட்டச் சமம். சாதாரண மூச்சில் மார்பு விரிவது சில விழுக்காடுதான். ஆகவே சித்திரை வெயிலில் புதுமடம் கரையில் நிற்கும் ஒருவரின் மூச்சை, வெயிலே கணக்கிலிருந்து அழித்துவிடலாம். இதோடு காற்றின் ஈரப்பதம் வேறு. ஜெல் சுற்றியுள்ள காற்றோடு சமன் ஆகும்வரை நீரை விடும் அல்லது வாங்கும். நீர் மாறினால் மின்தடை மாறும். 25 டிகிரி, குளிரூட்டிய அறை என்று குறிப்பிட்டுக் காட்டும் அழகான வளைகோடுகளை வெளியிலும் நம்பவேண்டுமென்றால், நீட்சியை உணராத இன்னொரு இழையைப் பக்கத்தில் வைத்து வெப்பத்தைக் கழிக்கும் ஏற்பாடாவது கட்டாயம் வேண்டும்.

உறைபனியைத் தாங்கும் ஜெல் இழைகள் என்று ஒரு பெரிய கிளை வளர்ந்திருக்கிறது. அது நமக்கு வேண்டாத கவலை. நம் கவலை உலர்தல். அதற்கு மூன்று வழிகள் சொல்கிறார்கள். ஒன்று, நீரை விரும்பும் உப்பை ஏற்றுவது. லித்தியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 11 விழுக்காட்டுக்குமேல் இருந்தாலே நீரைப் பிடித்துவைக்கும். கால்சியம் குளோரைடுக்கு இந்த எல்லை முப்பது அளவில், மக்னீசியம் குளோரைடுக்கு 33. கடற்கரைக் காற்றுக்கு லித்தியம் அநாவசியச் செலவு. வாலிநோக்கம் உப்பளங்களில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு ஏராளம். ஆனால் மக்னீசியம் ஆல்ஜினேட்டைப் பூட்டாது. கால்சியத்தைக் கலைக்காமல் எவ்வளவு ஏற்றலாம் என்பது செய்து பார்க்கவேண்டிய கணக்கு. இரண்டாவது வழி கிளிசரின். ஆவியாகாது, தோலுக்கும் தீங்கில்லை, ஆனால் கெட்டியான அந்தத் திரவத்தில் அயனி தத்தளித்துத்தான் நகரும்.

மூன்றாவது வழியில் நீரையே கைவிடுகிறார்கள். அறை வெப்பத்தில் திரவமாக இருக்கும் உப்புகளை அயனித் திரவங்கள் என்பார்கள். ஆவியாகாதவை, தாமே மின்கடத்துபவை. அகரிலிருந்து சுத்திகரித்த அகரோஸை இவற்றில் கரைத்து ஆறவைத்தால் நீரில்லாத ஜெல் கிடைக்கும். பலமும் கடத்தலும் சேர்ந்த அப்படி ஒரு அயனிஜெல்லை பாவ்நகர் நிறுவனத்தின் துஷார் திரிவேதி, அரவிந்த் குமார் முதலியோர் 2012ல் கிரீன் கெமிஸ்ட்ரி இதழில் வெளியிட்டார்கள். ஹார்வர்டின் ஆல்ஜினேட் கட்டுரை வந்த அதே ஆண்டு. அகரோஸ் சங்கிலிகள் ஆறும்போது இரட்டைச் சுருளாக முறுக்கிக்கொண்டு கட்டாகச் சேர்கின்றன. இந்தப் பூட்டில் கால்சியத்துக்கு வேலை இல்லை. ஆகவே வியர்வையின் சோடியம் வந்து கலைக்க ஒன்றுமில்லை. உலகக் கட்டுரைகளில் ஆல்ஜினேட்டுக்குக் கிடைக்கும் இடத்தில் பாதிகூட அகருக்குக் கிடைப்பதில்லை என்பது எனக்கு விளங்காத விஷயம். அகரோஸின் குறை அது நொறுங்குவது. கடல்பாசி வில்லையை வளைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நெகிழும் இரண்டாம் வலை ஒன்றைச் சேர்க்காமல் அதை நெய்ய முடியாது. அயனித் திரவங்களில் பலவும் விலை கூடியவை, சில நச்சுள்ளவை. கோலின் குளோரைடோடு கிளிசரினையோ யூரியாவையோ சேர்த்துச் செய்யும் மலிவான திரவங்கள் இதற்கு மாற்றாக வருகின்றன. ஆனால் அவையும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நம் கரையில் தாராளமாகவே உறிஞ்சும்.

வியர்வைக்கு வருவோம். லிட்டருக்குக் கால் கிராம் முதல் இரண்டு கிராம் வரை சோடியம் அதில் இருக்கும். கால்சியம் மிகச் சொற்பம். முட்டைப்பெட்டிக் குழிகளிலிருந்து கால்சியம் மெல்லக் கழன்று இழை ஊதும், வழவழக்கும், பலம் இறங்கும். துவைத்தால் கதை முடிந்தது. சலவைத்தூளில் உள்ள சோடா, ஆலையில் பாசியிலிருந்து ஆல்ஜினேட்டைக் கரைத்தெடுத்த அதே சோடாதான். இரும்பு, பேரியம், சிர்கோனியம் போன்ற இறுக்கமான அயனிகளைக் கொண்டு பூட்டலாம், சகபிணைப்பால் நிரந்தரமாகக் கட்டலாம். எல்லாவற்றிலும் நடைமுறைக்கு நெருங்கியது உறை போடுவது. பாலியூரித்தேன், சிலிக்கோன் போன்ற நெகிழ்வான உறைக்குள் ஜெல்லைக் கருவாக வைத்து ஒரே துளை வழியாக இரண்டையும் சேர்த்து இழுக்கிறார்கள். உறை உலர்தலையும் சோடியத்தையும் ஒருசேரத் தடுக்கும். உணரியாக வேண்டுமென்றால் இது போதும். ஈசிஜி மின்முனையாக வேண்டுமென்றால் ஜெல் தோலைத் தொட்டாகவேண்டும், உறை உதவாது. இழையின் முனையில் உலோகத்தை இணைக்கும் இடம் இன்னொரு தலைவலி. குளோரைடு அரிக்கும், ஜெல் வழுக்கும், இழுவை முழுவதும் அங்கே வந்து குவியும்.

பொருளின் தரத்தில்தான் புதுமடத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது. கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை எடுக்கப்படுபவை. இனம், பருவம், வயது, அலை மோதும் இடம் எல்லாவற்றையும் பொறுத்துக் குலுரோனிக், மானுரோனிக் விகிதம் மாறும். ஐஸ்கிரீமுக்கும் துணிச் சாயத்துக்கும் விற்கும்போது இந்த வேறுபாடு யாரையும் தொந்தரவு செய்யாது. சீரான இழை நூற்கும்போது, ஒவ்வொரு சாக்கும் வேறு வேறு பலத்தைக் கொடுத்தால் எந்தத் தொழிலும் நிற்காது. எந்தப் பாறையில் எந்த மாதம் பறித்த பாசி விறைப்பான ஜெல் தரும் என்ற அறிவு பாதி ஆய்வுக்கூடத்திலும் பாதி பாசி எடுக்கும் பெண்களிடமும் இருக்கிறது. இனம் பிரித்து, மாதம் எழுதி, கலப்பில்லாமல் உலர்த்தித் தரும் பாசிக்குத் தனி விலை வைத்தாலொழிய அந்த இரண்டு பாதியும் சேராது. இப்போது சாக்கு எடைக்குத்தான் காசு.

வளர்ப்புப் பாசி இதற்கு விடையாகாதா என்று கேட்பார்கள். பெப்சி நிறுவனம் 2000ல் மண்டபம் பகுதியில் தொடங்கிய கப்பாஃபைகஸ் வளர்ப்பு பல குடும்பங்களுக்கு வருமானம் கொடுத்தது. அதிலிருந்து வரும் கராஜீனனைப் பொட்டாசியம் அயனி இறுகவைக்கிறது. இறுக்கும் அதே உப்பு மின்சாரத்தையும் கடத்தும் என்பதால் மின்னிழைக்கு அது கவர்ச்சியான பொருள். ஆனால் இந்த அயல் பாசி குருசடைத் தீவின் பவளங்களில் படர்ந்திருப்பதாக 2008ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் தீவுகளின் வாசலில் இதை இன்னும் பெருக்குவதைப் பற்றிய தயக்கம் நியாயமானது. உள்ளூர் கஞ்சிப்பாசியைக் கயிற்றில் வளர்த்து, காரச் சுத்திகரிப்பால் அதன் ஜெல் வலுவைக் கூட்டும் வழி மெதுவானது. இருந்தாலும் நான் அதன் பக்கம்தான்.

இதே மாவட்டத்தில் வளமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா திட்டமிடப்பட்டு, 2023ல் அடிக்கல் நாட்டப்பட்டது. நாற்றும் பதப்படுத்தலும் அதில் பேசப்படுகின்றன. மின்னிழைக்காகத் தனிக் கட்டடம் கேட்கவேண்டியதில்லை. மண்டபத்தில் பாசி, காரைக்குடியில் 1948ல் தொடங்கிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மருத்துவத் துணிகளுக்கான சிறப்பு மையமாக இயங்கும் கோவையின் சிட்ரா. பாசி, அயனி, நூல் மூன்றும் ஒரு நாள் பேருந்துப் பயணத்துக்குள் இருக்கின்றன. முதல் வேலையாக ஒரே சோதனையை எல்லா இழைகளுக்கும் பொதுவாக்கலாம். செயற்கை வியர்வையில் ஒரு வாரம் ஊறவைத்த இழை, 35 டிகிரி, 75 விழுக்காடு ஈரப்பதம், இருபதாயிரம் இழுப்பு. பிறகு அதே இழையில் பலத்தையும் மின்தடையையும் சேர்த்து அளப்பது. எந்த மாதத்துப் பாசி, எந்தக் கரை என்பதையும் முடிவோடு எழுதிவைப்பது. இந்த அட்டவணையில் 895 எங்கே வந்து நிற்கும் என்று பார்க்க எனக்கு ஆவல்.